இந்த வருஷத்து உறுமல்

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் சாய்த்திருக்கிறது. விடுப்பில் இருக்கும் பேருந்து ஓட்டுநர் ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். வருஷத்தின் சிறந்த மெட்டல் இசை ஆல்பம் எதுவென்று நண்பர்கள் குழுவுக்கு இன்று அவர் சொல்லியாக வேண்டும். மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்றில் டிரம்ஸ் இடியாக இறங்குகிறது; மற்றதில் பாடகர் அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார். ஓட்டுநரின் இன்னொரு காது மனைவிக்காகத் திறந்திருக்கிறது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவள் பேசவில்லை. இன்று பேசிப் பார்க்கலாம் என்று சொன்ன மருத்துவரும் குரல் வருமென்று உறுதி தரவில்லை. காலையிலிருந்து வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு, வாய் திறக்கப் பயந்து, அவள் துணி மடிக்கிறாள். கணவரும் வற்புறுத்தவில்லை. உறுமல் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார். ஹெட்ஃபோனிலிருந்து கசியும் சத்தத்துக்கு அவள் முகம் சுளிக்கிறாள்.

"ஏங்க, அந்த ஆளுக்கு எங்கதான் வலிக்குது?"

கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். பாதி மடித்த சட்டையோடு அவள் அப்படியே நிற்கிறாள். "ஐயோ, நானும் அவன் மாதிரியே உறுமுறேனே."

"அவன் கிடக்கான். உன்கிட்ட வந்து கத்துக்கட்டும்." இப்போது உடைவது அவருடைய குரல்.

உறுமல் ஆல்பத்தின் பெயரைக் குழுவில் தட்டிவிடுகிறார். ஏன் அது என்று நண்பர்கள் உடனே சண்டைக்கு வருகிறார்கள். அவர் பாட்டை நிறுத்தி, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, மனைவியின் பக்கம் திரும்புகிறார்.

"என்னையும் கொஞ்சம் திட்டேன்."

கட்டிலில் அவர் வீசிய ஈரத் துண்டிலிருந்து அவள் ஆரம்பிக்கிறாள்.