மூளைக்கு மாத்திரை

ஆராய்ச்சி நிலையத்தின் கழிவறைக் குப்பைக்கூடையில் காலி மாத்திரை அட்டைகள் கிடைத்ததிலிருந்து, கட்டடம் முழுக்க ஒரே குசுகுசுப்பு. தலைவலி மாத்திரையாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இது தூக்கத்தை விரட்டி, மூளையை முறுக்கிவிடும் சரக்கு. சட்டப்படி தடை செய்யப்பட்டது.

“பெரிய விஞ்ஞானிங்க, பாட்டு எழுதுறவங்க, படம் வரையறவங்க பாதிப் பேரு இதைப் போட்டுட்டுத்தான் ஜொலிக்கிறாங்களாம்!”

மாடிப்படியில் யாரோ சொன்னது, மருத்துவ அறையில் இருந்த நர்ஸின் காதில் விழுந்தது. அவள் பயந்துபோனாள்.

காரணம், அவள் கணவன். அதே நிலையத்தில் கணித ஆராய்ச்சியாளன். ‘மின்னல்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக அவன் அவனாகவே இல்லை. கண்ணெல்லாம் சிவப்பு. சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய வேலைக்குப் போனான். குளியலறைக் கண்ணாடியில் அவளுடைய கண்மையால் கணக்கு எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தான். அந்தக் கணக்குக்குத்தான் உலக அளவில் ஒரு விருது வரப்போவதாகப் பேச்சு.

சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏங்க, மாத்திரை கீத்திரை ஏதாவது போடுறீங்களா?”

“ஆமா,” என்றான், சுவரைப் பார்த்தபடி.

“எப்பவாவதா? தினமுமா?”

“அது இல்லாம எப்படி? அதை எடுத்துட்டா மொத்தமும் சரிஞ்சிடுமே!”

அவள் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் இயக்குநர் உத்தரவு போட்டார். பேராசிரியர் முதல் அலுவலக ஊழியர் வரை அத்தனை பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. மாட்டுகிறவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவருடைய கண்டுபிடிப்பும் கூடவே போகும்.

டப்பாக்களை வாங்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டி, வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் பொறுப்பு நர்ஸிடம் வந்தது.

மின்னல் வந்தான். டப்பாவைக் கொடுத்தான். பேனாவை மறந்துவிட்டுப் போனான்.

கடைசியாக வந்தவர் நிர்வாக அலுவலர். நர்ஸின் சொந்த அண்ணன். டீகூடத் தொடாத மனிதர். இருமல் மருந்தை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு, “இதுல போதை இருக்கும்மா” என்று தள்ளி வைப்பவர்.

“எனக்குமா? என்னைப் பத்தி உனக்கே தெரியாதா?” என்று முகம் சுளித்தார்.

“இயக்குநர் உத்தரவுண்ணா. யாருக்கும் விலக்கு இல்லையாம்.”

“நான் என்ன ஆராய்ச்சியா பண்றேன்? உன் அண்ணனையே சந்தேகப்படுவியா?”

“சந்தேகம்லாம் இல்லண்ணா, சும்மா ஒரு பேருக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே போய், வெகுநேரம் கழித்து டப்பாவோடு வந்தார்.

அவர் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கணவன், அண்ணன் இருவருடைய டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் பெயரில் போதை என்று முடிவு வந்தால் யார் நம்பப் போகிறார்கள்? சோதனைக்கூடம் தப்புப் பண்ணிவிட்டது என்று சிரிப்பார்கள். திரும்ப எடுத்தால் சுத்தமாக வரும். அண்ணனுக்கு ஒரு கீறல் விழாது. இவருக்கோ, விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது.

பெயர்ச்சீட்டுகளை உரித்தாள். மாற்றி ஒட்டினாள்.

நான்கு நாள் கழித்து இயக்குநர் நர்ஸையும் மின்னலையும் நிர்வாக அலுவலரையும் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் முடிவுகள் இருந்தன.

“எல்லாரும் சுத்தம். ஒருத்தரைத் தவிர,” என்றார்.

நர்ஸ் அண்ணனைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தாள்.

“மின்னல், உங்களை நான் என் பிள்ளை மாதிரி நினைச்சேன். இப்படிப் பண்ணிட்டீங்களே!”

நர்ஸ் விலுக்கென்று நிமிர்ந்தாள். மின்னல் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று.

“நானா? தலைவலின்னாகூட இவதான் சார் நெத்தியில தைலம் தேய்ச்சு விடுவா. மாத்திரை எனக்கு முழுங்கவே வராது.”

“அன்னைக்குச் சாப்பிடும்போது கேட்டேனே, ஆமான்னீங்களே!” என்று அலறினாள் நர்ஸ்.

“சாப்பிடும்போது நீ ஏதாவது கேட்டியா? நான் அந்தக் கணக்குல ஒரு படியைத்தானே நினைச்சிட்டு இருந்தேன்!”

“காரணம் எதுவும் வேணாம்,” என்றார் இயக்குநர். “இன்னைக்கே அறையைக் காலி பண்ணிடுங்க. விருதுக் குழுவுக்கும் நானே சொல்லிடறேன்.”

இனி மறைத்தால் ஒரு பாவமும் அறியாத மனிதர் தெருவில் நிற்பார்.

“சார், அது அவரோடது இல்ல. பயத்துல நான்தான் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்த டப்பா... எங்க அண்ணனோடது.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிர்வாக அலுவலரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“மச்சான், நீங்களா?” என்றான் மின்னல், புதுக் கணக்கு ஒன்றைக் கண்டவன்போல.

இயக்குநர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “ஆராய்ச்சி பண்றவங்க யாராவது போட்டிருந்தாக்கூட எனக்குப் புரியும். லீவு விண்ணப்பத்துல கையெழுத்துப் போடுற உங்களுக்கு எதுக்குய்யா மூளைக்கு மாத்திரை?”

“மூளைக்கு இல்ல சார்,” என்றார் அவர் பரிதாபமாக. “வாரா வாரம் கருத்தரங்குல மாப்பிள்ளையும் நீங்களும் பேசுறதை, முன்வரிசையில உக்காந்து கொட்டாவி விடாம கேக்க வேண்டியிருக்கே!”