அசையும் கல்

திரையில் இருந்த கல்லைச் சுற்றி சுலக்ஷனா சிவப்பு வட்டம் போட்டாள். அசையும் கல்.

அடுத்தது பச்சை. அசையாத கல்.

அதற்கடுத்ததைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஹட்டன் டவுனே தெரியவில்லை. மூன்று நாளாக விடாத மழை.

அவள் வட்டம் போடுகிற கற்கள் பூமியில் இல்லை. சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு சிறுகோளில் கிடக்கின்றன. அதைத் தோண்டி உலோகம் எடுக்க வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இயந்திரம் செய்துகொண்டிருக்கிறது. அந்த இயந்திரம் எந்தக் கல்லின் மேல் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுக்கத்தான், விண்கலம் அனுப்பிய படங்களுக்கு முன்னால் ஒன்பது பெண்கள் இந்த மாடி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அசையும் கல்லை அடையாளம் காண இரண்டு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அடியில் நிழல் பிளந்து தெரியும். பள்ளத்துப் பக்கம் பொடிக்கற்கள் சேர்ந்திருக்கும். கல் முன்பு உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருக்கும்.

மூன்றையும் அவள் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டாள்.

திரையில் இல்லை. நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான, அவள் வீடும் இருக்கிற லயத்துக்குப் பின்னால், சரிவில் நிற்கும் லொறி அளவுக் கல்லில்.

படம் எடுத்துக்கொண்டு போய்த் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் காட்டினாள். "வெள்ளைக்காரன் காலத்துலருந்து நிக்கிற கல்லும்மா அது" என்று சிரித்தார். தொழிற்சங்கத் தலைவர் நல்லமுத்து படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

இன்று காலையில் தம்பி சுமனுக்குப் போனில் மூன்று தடவை கோல் எடுத்தாள். மழைக்கு வேலை நிறுத்திவிட்டார்கள், இருபத்திரண்டு குடும்பமும் லயத்துக்குள்தான் இருக்கிறது என்றான்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ ஸ்கூலுக்குப் போயிருடா."

"நீ சொன்னன்னு இந்த மழையில யாருக்கா எறங்குவா? தலைவர்கிட்ட சொன்னேன். ஆகாசத்துக் கல்லப் பாத்துப் பாத்து ஒங்க அக்காவுக்கு எந்தக் கல்லப் பாத்தாலும் ஓடுற மாதிரி தெரியுதுங்கிறாரு."

"அம்மாவையாவது கூட்டிக்கிட்டுப் போ."

"மத்தவங்கள விட்டுட்டு வரமாட்டேங்கிறாங்க."

மண்சரிவு, வெள்ளம் என்றால் கூப்பிடுகிற அனர்த்த அவசர எண்ணுக்கு அடித்தாள். பிசி. மறுபடியும் அடித்தாள். பிசி. இந்த மழையில் மலைநாடு முழுக்க அந்த எண்ணைத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

திரைக்குத் திரும்பினாள். சிறுகோளில் எதற்கும் எடை இல்லை என்றே சொல்லலாம். அங்கே ஒரு கல் உருண்டால் கீழே வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

நோர்வூட்டில் எவ்வளவு நேரம் ஆகும்?

வரிசையாகப் பத்துக் கற்களுக்குச் சிவப்பு போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். எல்லாம் நன்றாக ஊன்றி நிற்கிற கற்கள். அழித்தாள். மறுபடியும் சிவப்பு வந்தது.

எழுந்தாள்.

"றொசானா, ஒன் போனைக் கொஞ்சம் தா" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் வாங்கிக்கொண்டு பின்படிக்குப் போனாள். நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு போத்தல் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், போனாள். பன்னிரண்டு மணிக்கு மழை லேசாக விட்டது. மழை விட்டதென்று எல்லாரும் அசட்டையாகிவிடுவார்களே என்று அதுவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்று பத்துக்கு சுமன் கோல் எடுத்தான். போனோடு பின்படிக்கு ஓடினாள்.

"அக்கா, கல்லு வந்துருச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மேல் லயத்துல நாலு வீடு இல்லக்கா. நம்ம வீடும் போச்சு."

"ஆளுங்க?"

"எல்லாரும் ஸ்கூல்ல. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. அம்மா இந்தா, பக்கத்துலதான் இருக்காங்க."

படியில் உட்கார்ந்துவிட்டாள். காதில் சுமன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"காலையில தலைவருக்குப் பெரிய ஆபீஸ்லருந்து ஒரு நோனா, ஆபீசர் அம்மா, கோல் எடுத்தாங்களாம். சிங்களத்துலதான். பத்து நிமிஷத்துல லயத்தக் காலி பண்ணலன்னா பொலிஸ அனுப்புவேன்னு ஒரே சத்தமாம். மனுசன் ஆடிப்போயிட்டாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே வீடு வீடாப் போய் அவரே எல்லாரையும் வெரட்டி எறக்குனாரு. அந்த நோனா மட்டும் இல்லன்னா நாங்க இன்னைக்கு இல்லக்கா. பேரக்கூடச் சொல்லலயாம்."

சுலக்ஷனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, நீங்க யாரும் எறங்கியிருக்க மாட்டீங்கடா."