யார் மூட்டிய அடுப்பு?

வழக்கம்போல யூத மதகுருவும் உணவு விதிக் கண்காணிப்பாளருமான ரஹமீம், இஸ்ரேலின் அஷ்தோது நகர உணவகத்துக்கு வந்தார், கை கழுவினார், அடுப்பைப் பற்றவைக்கப் போனார். சமையற்காரி தெகிது லைட்டரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“இன்னைக்கு நான் பத்த வைக்கிறேன், ரப்பி.”

“வெளையாடாதே. யூதர் மூட்டுன அடுப்புல சமைச்சாதான் கடைக்கு, சுத்தமான சாப்பாடுன்னு கோஷர் சான்றிதழ்.”

“அப்போ நான் யாராம்?”

“எத்தியோப்பியாவுலேருந்து வந்தவங்க அசல் யூதர்தானான்னு மேலிடத்துப் பெரியவருக்கு இன்னும் சந்தேகம். மீறினா என் வேலை போயிடும்.”

“உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?”

ரஹமீம் கூரையைப் பார்த்தார்.

“அவரு சொல்றதுதான் என் சொல்லும்.”

தெகிது லைட்டரை அவர் கையில் வைத்தாள்.

“சரி. இன்னைலேருந்து நம்ம வீட்டு அடுப்பையும் நீங்களே பத்த வைங்க. கல்யாணமானதுலேருந்து என் சமையல்ல வளர்ந்த இந்தத் தொப்பையை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு பெரியவர்கிட்டயே கேளுங்க.”