இடுப்பு உயரம் போதும்

"இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடிங்க, போதும். அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்."

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஹால் சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

டின்னும் பிரஷ்ஷுமாக நின்ற அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடியில் தான் குடியிருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விடுகிற மனுஷன், அரை டின்னுக்குக் கணக்குப் பார்க்கிறார். தெருவில் இவருக்கு 'கறார்' என்று பேர் வைத்தவர் கைக்கு மோதிரம் போடலாம்.

"சார், இது பெயின்ட் இல்ல, கோட்டிங். பால் மாதிரி இருக்கும், காய்ஞ்சா கண்ணுக்கே தெரியாது. மேல கறை பட்டாலும் கிறுக்கினாலும் ஏடு மாதிரி உரிச்சு எடுத்துடலாம். உள்ள சுவர் அப்படியே புதுசா இருக்கும். மேல வரைக்கும் அடிச்சா எண்ணெய்த் தலை சாய்ஞ்சு கறை பட்டாக்கூட..."

"நான் கேட்டது இடுப்பு உயரம்."

அவள் டின்னைத் திறந்தாள். கிடைத்ததே ஒரு பார்ட்டி. அதையும் கெடுத்துக்கொள்ள முடியாது.

கம்பெனி இந்தக் கோட்டிங்கை இதுவரை புதுக் கட்டடங்களுக்குத்தான் விற்றது. கண்ணாடி, குழாய், டைல்ஸில் எல்லாம் வேலை முடிகிறவரை கீறல் விழாமல் காக்கும். மலிவாக பிளாஸ்டிக் ஷீட் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. "வேற எதுக்காவது இதை விக்க முடியுமான்னு பாரு" என்று அவளை இந்த ஊருக்கு அனுப்பிவிட்டார் மேனேஜர்.

வாடகை வீடு என்ற யோசனை அவளுடையது. அது சும்மா வந்ததில்லை. வந்த புதிதில் வீடு தேடி ஏறி இறங்காத படி கிடையாது. "ஒரு பையன், சின்னவன்" என்று சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிடும்.

"இப்பத்தாம்மா பெயின்ட் அடிச்சோம். குழந்தைங்க கிறுக்கி நாசம் பண்ணிடும்."

கடைசியில் பையனை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஹாஸ்டலில் ஒரு கட்டிலோடு ஒண்டிக்கொண்டாள். அவனை விட்டால் அவளுக்கும், அவளை விட்டால் அவனுக்கும் வேறு யாரும் இல்லை.

அப்போது பிறந்த நப்பாசைதான் இது. சுவருக்குப் பயம் இல்லையென்றால், ஒரே ஒரு வீட்டுக்காரராவது பையனையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லமாட்டாரா? ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். "குழந்தை இருக்கிறவங்களுக்கு நாங்க வீடே தர்றதில்லையே, இது எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

கறார் மட்டும்தான் வரச் சொன்னார். முதல் வீடு என்பதால் அவளே அடித்துக் காட்ட வந்திருந்தாள்.

பாதிச் சுவர் முடிந்தபோது அக்காவின் போன். கையெல்லாம் கோட்டிங். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் பிள்ளை ஹால் சுவர் முழுக்க யானை வரைஞ்சு வச்சிருக்கான்டி. இவர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

"அவன்கிட்ட குடுக்கா."

"அம்மா, அது யானை இல்ல. பஸ். நீ வர்ற பஸ்."

அவளுக்கு அவனை அந்த நிமிஷமே தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சுவத்துல வரையாதடா கண்ணா. அது பெரியம்மா வீடு. நம்ம வீடு இல்ல."

"நம்ம வீடு எங்கம்மா இருக்கு?"

"அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் கறார்.

"பையனா?"

"ஆமா சார்."

"கூட வச்சுக்கலையா?"

"குழந்தை இருந்தா யார் சார் வீடு தர்றாங்க?"

"சுவரைக் கிறுக்கினா யார் தருவாங்க?" என்று முணுமுணுத்துவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

மிச்ச டின்னை அந்த வழுக்கைத் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு. கல் நெஞ்சு. சுவரையே கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கட்டும். கோட்டுக்கு மேல் ஒரு இழை ஏறாமல், வீம்புக்கென்றே அடித்து முடித்தாள்.

சாயங்காலம் காய்ந்ததும் இறங்கி வந்தார். கையில் ஒரு கிரேயான் டப்பா, புத்தம் புதுசு. சிவப்பை எடுத்தார். குனிந்து, சுவரில் பரபரவென்று கிறுக்கினார்.

"ஐயோ சார்!"

அவர் ஓரத்தைக் கிள்ளி உரித்தார். கிறுக்கல் ஏட்டோடு வந்துவிட்டது. சுவர் வெள்ளையாகச் சிரித்தது.

"நல்லாத்தான் உரியுது" என்றார். பிறகு அவளைப் பார்க்காமலே பேசினார். "முன்னால இருந்தவங்களுக்கு ஒரு பொண்ணு, இத்தனூண்டு. இந்தச் சுவத்துல கிறுக்கிச்சுன்னு போட்டு அடிச்சாங்க. அழுத சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது. கோவத்துல அடிக்கலம்மா. எனக்குப் பயந்து அடிச்சாங்க."

அவள் உரிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ளைங்க கிறுக்கினா கிறுக்கட்டும்னு நான் வாயால சொன்னா யாரும்மா நம்புவாங்க? கறார்னு பேர் எடுத்தாச்சு. இப்படி உரிச்சுக் காட்டினா நம்புவாங்க இல்ல?"

கிரேயான் டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்தார். காலையில் போட்ட கோட்டுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பையனுக்குக் கை எதுவரைக்கும் எட்டும்? இந்த உயரம் போதுமா, ஏத்தணுமா?"