கருட தரிசனம்

கருடன் வந்து வட்டமிட்டால்தான் கும்பாபிஷேகம். கோபுர உச்சியில் பட்டர் குடத்தோடு காத்திருந்தார்.

டிரோன்களைத் தானாகவே சுட்டு வீழ்த்தும் பீரங்கிகளை ராணுவத்துக்கு விற்றுவந்த கம்பெனி, இப்போது விழாக் கூட்டத்தின் மேல் டிரோன் பறக்காமல் காக்கக் கோயில்களுக்கும் வாடகைக்கு விடுகிறது. இன்றைய பீரங்கிக்குப் பொறுப்பு தமயந்தி.

கிழக்கிலிருந்து கருடன் கோபுரத்துக்கு மேல் வந்தது. "கோவிந்தா" என்று கூட்டம் குரல் கொடுக்க, தமயந்தியும் கைகூப்பினாள்.

கண்ணிமைக்கும் நேரத்தில் பீரங்கி தானாகத் திரும்பிச் சுட்டது. பட்டரின் குடத்தில் இறகுகள் விழுந்தன.

கம்பெனி மேலாளர் இன்பராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சுடக்கூடாத பறவைங்களை மெஷின்ல ஏத்தினது நீதானேம்மா? காக்கா, கொக்கு, புறா, கோட்டான் வரைக்கும் ஏத்தியிருக்கே. கருடனை எப்படிம்மா விட்டே?"

கூப்பிய கைகளைப் பிரிக்கத் தோன்றாமல் தமயந்தி சொன்னாள்: "அதைப் பறவைன்னு நான் நெனைச்சதே இல்லையே, சார்."