நகராத இடம்

"டீசல் திருடறியா, இல்ல வழியில ஆள் ஏத்தறியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுய்யா!" என்று மேலாளர் மேசையைத் தட்டினார்.

பேருந்து ஓட்டுநர் தலை குனிந்து நின்றார். வேலைநீக்க உத்தரவு தயார். கையெழுத்துதான் பாக்கி.

அவரைப் பிடித்துக் கொடுத்தவள் பக்கத்து நாற்காலியில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு யாரும் தப்ப முடியாது.

பேருந்து எங்கே இருக்கிறது என்று அதிலுள்ள ஜிபிஎஸ் நிமிடத்துக்கொரு வரி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கடலில் யார் என்னத்தைத் தேடுவது? அவள் தரவுகளை அலசும் எஸ்க்யூஎல் மொழியில் 'லேக்' என்ற கட்டளையைப் போட்டு, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதற்கு முந்தைய வரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

"பாருங்க சார். நேரம் நகருது, இடம் நகரல. ஸ்டாப்பே இல்லாத இடத்துல தினமும் சாயங்காலம் இவர் பஸ் நிக்குது."

"எந்த இடம்மா அது?"

"வெறும் எண்ணாத்தான் இருக்கு சார். மேப்ல வச்சுப் பார்க்கல. எந்த இடமா இருந்தா என்ன, தப்பு தப்புதானே?"

ஓட்டுநர் மெல்ல நிமிர்ந்தார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"பூங்கா வளைவு சார். அங்க ஒருத்தர் குடையோட நிப்பாரு. ஏறி, சீட்டு சீட்டா குனிஞ்சு பார்ப்பாரு. 'பாப்பா இந்த பஸ்லயும் வரலையா?'ன்னு கேட்டுட்டு இறங்கிடுவாரு. ஒருநாள் நிறுத்தாமப் போனேன். பின்னாடியே ஓடி வந்து விழுந்துட்டாரு. எனக்கும் பொண்ணு இருக்கு சார். அதுக்கப்புறம் நிறுத்தாமப் போக மனசு வரல."

கழுகு கணினியை மூடினாள்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்றார் மேலாளர்.

"சொன்னா அவரை விரட்டிடுவீங்க."

"பின்ன? அந்தப் பொண்ணு யாரோடயாவது ஓடிப்போயிருக்கும். அதுக்கு நம்ம பஸ்தான் கிடைச்சுதா? இன்னிக்கே ஆள் அனுப்பறேன்" என்று மேலாளர் போனை எடுத்தார்.

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார். அவர் என் வீட்டுக்காரர். தினமும் குடையை எடுத்துக்கிட்டு, பூங்காவுக்கு வாக்கிங் போறேன்னுதான் என்கிட்ட சொல்றார்... பாப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்ததே அவர்தான் சார்."