கால்மாடு

புதைத்த இடத்தில் பால் தெளித்த மறுநாள் காலை சர்வேயர் வந்து பூரணத்தின் தோட்டத்தை அளந்தார். எல்லைக்கோடு அவள் கணவரின் புதைமேட்டுக்குக் குறுக்கே போனது. இடுப்புக்குக் கீழே பக்கத்துத் தோட்டக்காரர் சுடலைக்கண்ணுவின் நிலம்.

“செத்தும் அண்ணன் காலை எம்பக்கந்தான் நீட்டியிருக்காரு” என்றார் சுடலைக்கண்ணு.

“இவர் சம்மதிக்கலைன்னா தோண்டி எடுத்துத்தான் ஆகணும்மா” என்றார் சர்வேயர்.

பூரணம் கால்மாட்டில் உட்கார்ந்து ஈர மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மகன் எல்லைக்கல்லை நம்பித்தான் அங்கே குழி வெட்டச் சொன்னான். அந்தக் கல்லை ஒரு மழைநாளில் கணவர் பெயர்த்துச் சுடலைக்கண்ணு பக்கம் தள்ளி நட்டபோது மறுமுனையைத் தூக்கிப் பிடித்தவள் அவள்.

சுடலைக்கண்ணு அவளுக்கு எதிரே வந்து குந்தினார்.

“கல்லை நகட்டுனது யாருன்னு உங்க வாயால சொல்லிருங்க, மதினி. அண்ணன் இங்கனயே கெடக்கட்டும்.”